ஜூம் இல்லாத லென்ஸ்

கடையில் கைக்கு அடக்கமான கேமராவைக் கணக்கு வாத்தியாரின் மனைவியே தேர்ந்தெடுத்துவிட்டாள். லென்ஸில்தான் வழக்கு.

"ஏங்க, ஜூம் லென்ஸே வாங்கிக்கலாம். நின்ன இடத்துலயே நின்னு எடுக்கலாமே."

வாத்தியார் ஒரு மாதமாக இணையத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். "சோம்பேறித்தனம்! ஜூம் இல்லாத லென்ஸ்லதான் படம் பளிச்சுனு விழும். ஆள் அடங்கலைன்னா கொஞ்சம் தள்ளி நின்னு எடு."

"பாருங்க தம்பி, கேமரா எனக்காம், லென்ஸ் இவருக்காம்!" என்று கடைக்காரரிடம் சிரித்தாள். ஆனாலும் கணவர் சொன்னதையே வாங்கிக்கொண்டாள்.

இருபது நாள் கழித்து வாத்தியார் மட்டும் வந்தார். லென்ஸ் கண்ணாடி நொறுங்கியிருந்தது.

"கீழ போட்டுட்டீங்களா சார்? அக்காகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பீங்களே!"

"கார்டுல படம் இருக்கான்னு மட்டும் பாருங்க."

கடைக்காரர் கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டார். கடைசிப் படம் விரிந்தது. மலை உச்சிப் பாறையில் வாத்தியார் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"அடடா, பிரமாதம் சார்! பாதம்தான் வெட்டுப்பட்டுடுச்சு. அக்கா இன்னும் ரெண்டடி பின்னால போயிருக்கலாம்."

"போனாளே தம்பி." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான் போகச் சொன்னேன். கேமராவையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவளுக்குப் பின்னால பாறை முடிஞ்சிருந்தது."

கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

திரையில் வாத்தியார் அவளைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.