தேவையில்லாத கட்டம்

“செத்தவங்க பட்டியல்ல ‘உயிருடன்’னு எதுக்கும்மா ஒரு கட்டம்?”

கேட்டுவிட்டு நிபுணர் தானே சிரித்துக்கொண்டார். அலுவலகத்தில் எல்லாரும் அவரை நிபுணர் என்றே அழைத்தார்கள், அவரும் மறுத்ததில்லை. நாளிதழின் இணையதளத்தைப் புதுப்பிக்க வந்து இன்றோடு மூன்று நாள்.

செய்தி ஏற்றும் சாப்ட்வேர் வெளியில் வாங்கியது. அதற்குப் பின்னால் இருந்து அத்தனையையும் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் மட்டும், பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் பதினாறு வருடமாகத் தன் கையால் எழுதிச் சேர்த்தது. அவள் பெயரைக்கூட நிபுணர் கேட்டுக்கொள்ளவில்லை. ‘அம்மா’ போதாதா?

“இரங்கல் பகுதிக்காக சார். தப்பா யார் பேராவது வந்துட்டா, அதுல டிக் போட்டா போதும். அவங்களோட இரங்கல் பக்கம் வெளிய தெரியாது.”

“தப்புன்னா அழிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?”

“வந்த அறிவிப்பு எதையும் அழிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார்.”

“டேட்டாபேஸ் கட்டறது எங்க படிச்சீங்க?”

“இங்கதான் சார். வேலை பார்த்துக்கிட்டே.”

“அதான் பார்த்தேன்!”

நிபுணர் தேடிப் பார்த்தார். பதிமூன்றாயிரம் பேரில் டிக் விழுந்திருந்தது ஒரே ஒரு பெயருக்கு. அது யாரென்று பார்க்கும் பொறுமை அவருக்கு இல்லை.

“ஒத்த ஆளுக்காக ஒரு கட்டமா? எப்பவோ வர்ற விருந்தாளிக்காகத் தனியா ஒரு மாடி கட்டுவீங்க போலிருக்கே!”

“மத்ததையெல்லாம் என்ன வேணா பண்ணுங்க சார். அதை மட்டும் விட்டுடுங்க. அந்த வீட்டுல இன்னொரு தடவை தாங்க மாட்டாங்க.”

“அடடா, கண்ணீர்க் கதையெல்லாம் வேண்டாம்மா. நான் கட்டின டேட்டாபேஸ்ல குப்பைக்கு இடமில்ல.”

கட்டத்தை நீக்கினார். புதிய டேட்டாபேஸை இணையதளத்தோடு இணைத்து எண்டர் கீயை ஓங்கித் தட்டினார். பதினாறு வருட உழைப்பு ஒரே தட்டில் காணாமல் போனது.

“இனிமே பாருங்க. புதுசா ஒரு பக்கம் வெளிய தெரிஞ்சா போதும், அடுத்த நிமிஷமே வாசகர் போனுக்குத் தானா செய்தி போயிடும். உங்க ஓட்டை உடைசல் இதைச் செய்யுமா?”

“செய்யாது சார்.” அம்மாளின் முகம் வெளுத்திருந்தது.

வேலை போகப்போகிற பயம் என்று எண்ணிக்கொண்டார் நிபுணர். பாவம், இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் முதல் வாய் குடிப்பதற்குள் அம்மாளின் போன் அடித்தது. எடுத்ததுமே மறுமுனையில் ஒரு பெண் ஓவென்று அலறி அழுவது நிபுணருக்கே கேட்டது.

அம்மாள் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போனில் நிதானமாகச் சொன்னாள்.

“அழாதடி. அம்மா இந்தத் தடவையும் உயிரோடதான் இருக்கேன்.”