காணிக்கைச் சேவல்

ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்தச் சேவலுக்குக் கழுத்து கூசும். சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து, கோயில் பீடத்துக்குக் கீழே ஒரு பூசணிக்காய் பக்கத்தில் கட்டிப்போட்டார்கள்.

"ஆண்டவரே, இவையெல்லாம் உமக்கே சொந்தம்" என்று போதகர் ஜெபித்ததும் சேவலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கேட்டியா பூசணி? நான் இனிமே ஆண்டவருக்குச் சொந்தம். எவன் கத்தியும் என்மேல படாது."

"நல்லது அண்ணாச்சி" என்றது பூசணி.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை வாசலில் வைத்து ஏலம் விட்டார்கள். சேவலை ஒருவர் முந்நூறுக்குக் கேட்டார். இன்னொருவர் ஐந்நூறு என்றார். தனக்கு இவ்வளவு மதிப்பா என்று சேவலுக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூவியது. விலை எழுநூறுக்கு ஏறியது. இன்னும் ஓங்கிக் கூவியது. கடைசியில் பரோட்டாக் கடை ஞானசிகாமணி ஆயிரத்து இருநூறுக்கு ஏலம் எடுத்து, கால்களைக் கட்டி, பைக் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

தன் முறைக்காகக் காத்திருந்த பூசணி மெல்லக் கேட்டது: "அண்ணாச்சி, இப்ப நீங்க யாருக்குச் சொந்தம்?"

சேவல் தொங்கிய தலையை முடிந்தமட்டும் தூக்கிச் சொன்னது:

"ஆயிரத்து இருநூறு!"