பாய்ப்படகுக்குப் பிறிட்ஜ் பூட்டியவன்

பெட்டிக்குள் இரண்டு மணித்தியாலம் கிடந்த தண்ணீர்ப் போத்தல் வெளியே வந்ததும் வியர்த்தது.

படகுக்காரன், ஒல்லாந்துக் கிழவன், அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சிவானந்தனின் கையில் திணித்தான். முதல் போத்தல் உனக்குத்தான் என்று ஒரே பிடி.

மூன்று நாள் வேலை. கொழும்புத் துறைமுகத்தில் கட்டியிருந்த அந்தச் சின்னப் பாய்ப்படகுக்குள் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லை. பழைய ஐஸ் பெட்டியைச் சுற்றிக் குளிர் வெளியேறாதபடி றிஜிபோம் அட்டை அடைத்து, கொம்பிறசர் பூட்டி, பற்றரியிலிருந்து வயர் இழுத்து முடிப்பதற்குள் முதுகு முறிந்துவிட்டது.

முதுகு கிடக்கட்டும். திரும்பித் துறைமுக வாசலைத் தாண்ட வேண்டுமே!

அவன் சட்டைப் பையில் இருந்தது அவனுடைய அடையாள அட்டை இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கும் மக்கீனுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனை, அதுவும் இந்தச் சண்டைக்குள், துறைமுகத்துக்குள் யார் விடுவான்? மக்கீனுக்கோ பற்றரியில் ஓடும் பிறிட்ஜ் தெரியாது. ஊரில் மீன் லொறிகளுக்குக் குளிர்பெட்டி பூட்டிய சிவானந்தனுக்குத்தான் தெரியும். அட்டையிலிருந்த படம் பதினெட்டு வயதில் எடுத்தது. மங்கிப்போன அந்த முகத்துக்குத் தாடி வைத்த எவனும் பொருந்துவான்.

பிடிபட்டால்? பற்றரியும் வயருமாக, இன்னொருவன் பெயரில், துறைமுகத்துக்குள் ஒரு யாழ்ப்பாணத்தான். எந்தச் சத்தியமும் எடுபடாது. மக்கீனையும் வீடு தேடி வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

"ஒண்ணும் பேசாம முடிச்சிட்டு வாங்க சிவா, அல்லா பாதுகாப்பான்," என்று காலையில் மக்கீன் சொல்லி அனுப்பினான்.

சிவானந்தன் ஒன்றிலும் பிசகவில்லை. நெற்றியில் திருநீறு இல்லை. மக்கீனின் வாப்பா பெயர், உம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் மனப்பாடம். பயத்தில் பகலில் ஒரு பருக்கை சோறு இறங்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. காவலுக்கு நின்ற கடற்படைக்காரன் பண்டார அதைப் பார்த்து, இந்த மக்கீன் நல்ல மனுசன் என்று கிழவனிடம் சொல்லியிருக்கிறான். வேலையைத்தான் மெச்சுகிறான் என்று சிவானந்தனுக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

இன்றைக்குப் பண்டாரவும் புதினம் பார்க்க இறங்கி வந்து ஏணிப்படியில் குந்தியிருந்தான்.

சிவானந்தன் அண்ணாந்து போத்தலை வாயில் கவிழ்த்தான். அப்பாடா, என்ன குளிர்! மூன்று நாள் பயமும் தொண்டையோடு கழுவிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பண்டாரவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மக்கீன், அத நோம்பி நெத்த?"

இன்றைக்கு நோன்பு இல்லையா என்று கேட்கிறான். கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, அட்டையைத் தா என்று கையை நீட்டினான்.

வாயிலிருந்த தண்ணீரைச் சிவானந்தனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பாவி மனுசன், எப்படித்தான் மறந்தானோ! நேற்றுப் பொழுதுபட்ட பிறகு மக்கீனோடு ஒரே பாயில் இருந்து, மக்கீனின் மனைவி றலியா வார்த்துக் கொடுத்த நோன்புக் கஞ்சியை இரண்டு கோப்பை குடித்தவன் அவன்.