வண்டியில் ஏறமாட்டேன்

"ஒரு அடி உள்ள வெச்சீங்க, நடக்கிறதே வேற!"

ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ரொட்டி தள்ளும் நீளக் கட்டையோடு அடுப்பறை வாசலை மறித்து நின்றாள் ரொட்டிக்கடைக்காரம்மா. எதிரே ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ் டிரைவரும் நர்ஸும். அவர்களுக்குப் பின்னால், பதறிப்போய் போன் செய்து வரவழைத்த மகன்.

போன மாதமும் இதே கூத்துதான். வேலைக்கு நடுவே ஜில்லென்ற தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள், ஈரத்துணியைப் பிழிவது போல் நெஞ்சுக்குள் ஒரு முறுக்கு. இதே வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு, இதயம் குண்டுக்கல் மாதிரி இருக்கிறது, உணவுக்குழாய்தான் இறுக்கிப் பிடிக்கிறது என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

"இப்பவும் ஐஸ் தண்ணிதான் குடிச்சேன். பிடிச்சது, விட்டுடுச்சு. அதே வலி, அதே இடம். நான் வரலை."

"கடையை நினைச்சுதானே வரமாட்டேங்கிற?" என்றான் மகன். "இன்னொரு தடவை நோயாளியா ஆம்புலன்ஸ்ல ஏறினா கடையை மூடிடறேன்னு நீதானே எல்லார் முன்னாடியும் சொன்ன?"

"ஆமா, சொன்னேன். ஏறினாத்தானே!"

கணவர் போன பிறகு ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்திய கடை அது. அதை மூடிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட அவளுக்கு இஷ்டமில்லை. கடையின் டெலிவரி வேனை ஓட்டும் மகனுக்கோ, அம்மா ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

சந்துக்குள் வண்டி நுழையாததால் தெருமுனையிலிருந்தே ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்திருந்தார்கள். சண்டை இப்போதைக்கு ஓயாது என்று தெரிந்ததும் டிரைவர் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து தோளைப் பிசைந்துகொண்டார். அடுப்பு அனலில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சீக்கிரம் வாங்கம்மா, எங்களுக்கு வேற கேஸே இல்லையா?" என்று அலுத்துக்கொண்டார்.

"அதையேதான் நானும் சொல்றேன். நிஜமா முடியாதவங்களைப் போய்த் தூக்குங்க!"

"வலி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அது ஹார்ட் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நர்ஸ்.

"டாக்டர் சொல்லித்தாம்மா தெரியும். முழுங்கும்போது பிடிச்சு, தானா விட்டா பயப்பட வேண்டாம். வலி புது மாதிரி இருந்தாலோ, விடாம பிடிச்சாலோ வந்துடணும். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ பிடிச்சாலும், வேர்த்துக் கொட்டினாலும், தோளு, தாடைன்னு வலி இறங்கினாலும்..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தாள்.

"சரி, வரேன். உடனே கிளம்பணும்."

மகனின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா இவ்வளவு லேசில் இறங்கி வருகிறவள் இல்லை. "அம்மா... தோள் வலிக்குதா?"

"கேள்வி கேக்காதே. வண்டியை நீ ஓட்டு."

"நானா?"

"போன தடவை இந்தத் தம்பி ஓட்டின ஓட்டத்துல என் இடுப்பே கழண்டு போச்சு. அவர் பின்னாடி என்கூட உட்காரட்டும்."

டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வண்டியை நான் யார் கையிலயும் குடுக்கிறதில்லை."

"அப்ப நான் வரலை. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க ரெண்டு பேர் தலையிலதான் விடியும்."

நர்ஸ் கையைப் பிசைந்தாள். அப்படியெல்லாம் செய்ய விதியில் இடமில்லைதான். ஆனால் இந்த அம்மா மறுபடி கட்டையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது?

"அண்ணே, அவங்க மனசு மாறறதுக்குள்ள சாவியைக் குடுத்துடுங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஸ்ட்ரெச்சரை மகனும் நர்ஸும் தூக்கிக்கொண்டார்கள். அதில் படுக்கவும் மறுத்துவிட்ட ரொட்டிக்கடைக்காரம்மா, டிரைவரின் கையை இறுகப் பிடித்தபடி நடந்தாள்.

"மெதுவா போங்க தம்பி. என்னால வேகமா நடக்க முடியாது."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்தச் சந்து கேட்டதே இல்லை. பிடிவாதத்தில் ஜெயித்த சந்தோஷம் மகனுக்குத் துளியும் இல்லை. வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நோயாளியா ஏறினா கடையை மூடணும்னு சொன்னியே... ஞாபகம் இருக்கா?"

"ஒரு வார்த்தைகூட மறக்கலைடா. நீ ஓட்டு."

வண்டி கிளம்பியது. நர்ஸ் ஈ.சி.ஜி. ஒயர்களை எடுத்துக்கொண்டு, "படுங்கம்மா" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரம்மா படுக்கவில்லை. பக்கத்தில் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவரைத் தோளைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் சாய்த்தாள். அந்தச் சட்டை இன்னும் காயவில்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மகனுக்கும் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"ஒயரை இவருக்கு ஒட்டும்மா, நான் துணைக்கு வந்தவ."