கனகா அத்தையின் ஆராத்தி

"கனகா அத்தை ஆராத்தி எடுக்கிறதோ? நான் இருக்குமட்டும் விடமாட்டன்!"

மாப்பிள்ளையின் பெரியம்மா தவமலர் மண்டப வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். மணப்பெண் அபிதாவின் தாய் குகனேஸ்வரிக்கு முகம் வாடிப்போயிற்று.

"அது நாடகத்திலை வாற பேர் அக்கா. இவ ரேணுப்பிரியா."

"பேர் என்னவாயும் இருக்கட்டும். வெள்ளைச் சீலையும் வெறும் நெத்தியுமா வருசக்கணக்கா வந்தவ. புருசன் இல்லாத முகத்திலையோ பொம்பிளையும் மாப்பிள்ளையும் முழிக்கிறது?"

இத்தனைக்கும், அந்தத் தொலைக்காட்சித் தொடரை ஒருநாளும் தவறவிடாதவர் தவமலர். அதன் கதாநாயகி பெயரை இத்தாலியின் பலெர்மோவில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். அடுப்படியில் நின்றபடி எல்லோருக்கும் நல்லது செய்த கனகா அத்தையை மறந்தவர் கிடையாது. கனகா அத்தையாக நடித்தவள்தான் ரேணுப்பிரியா. கலைவிழாவுக்காகச் சென்னையிலிருந்து வந்த அவள் வியா மக்வேதா தெருவில் நடந்தபோது, இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள்கூட ஓடிவந்து மொய்த்துக்கொண்டார்கள். அவள் தங்கியது சீசா பகுதியில், குகனேஸ்வரியின் வீட்டில்தான்.

கணவர் கோபாலசிங்கம் இறந்ததிலிருந்து குகனேஸ்வரி ஆராத்தித் தட்டைத் தொட்டதில்லை. பெற்ற மகளின் கல்யாணத்திலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். தான் எடுக்க முடியாத ஆராத்தியைத் தனக்குப் பிடித்த ஒருத்தியாவது எடுக்கட்டுமே என்று ஆசைப்பட்டாள். அதற்கும் முட்டுக்கட்டை!

"நாடகத்திலை செத்த ஆக்களெல்லாம் உண்மையிலை செத்தே போச்சினம்? அவவை ஒருக்கால் பாத்திட்டுச் சொல்லுங்கோ அக்கா."

ரேணுப்பிரியா வந்து நின்றாள். அரக்குப் பட்டு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் கனத்த தாலிக்கொடி. தவமலர் கிட்டே வந்தார். கொடியைக் கையிலெடுத்தே பார்த்துவிட்டார்.

"இது எங்கடை ஆக்களின்ரை கொடி மாதிரியெல்லோ கிடக்கு?"

"இந்த டிசைன் பிடிச்சிருந்ததுங்க."

"அவர் வரேல்லையோ?"

"அவரால வர முடியாதுங்க."

"பாவம், வேலையாக்கும்," என்றார் தவமலர். அதோடு கோபம் இறங்கிவிட்டது. "நாடகத்தைப் பாத்துப் பாத்து நானும் மாறி நினைச்சிட்டன். வாங்கோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து எடுப்பம்."

தாலி கட்டி முடிந்ததும் இருவரும் தட்டைப் பிடித்து மணமக்களுக்கு ஆராத்தி எடுத்தார்கள். சுற்றிலும் கைபேசிகள் உயர்ந்தன. பின்வரிசையில் நின்ற குகனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தவமலருக்கு இப்போது வாயெல்லாம் பல். "என்ன ராசியான கை! என்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் நீங்கள்தான் வந்து எடுக்கவேணும், சொல்லிப்போட்டன்!"

பந்தி தொடங்கியதும் ரேணுப்பிரியா மண்டபத்தின் பின்னறைக்குள் வந்தாள். அங்கே குகனேஸ்வரி மட்டும் நின்றாள். கதவைச் சாத்திவிட்டு, ரேணுப்பிரியா கொடியைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, உங்க தாலிக்கொடி. அந்தம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் என்ன பண்றது?"

"அதுக்கும் தாறன்," என்றாள் குகனேஸ்வரி, கொடியை வாங்கிக் கண்ணில் ஒற்றியபடி. "உங்கடை அவரும் மோசம் போயிட்டார் எண்டது எனக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும்."