படத்தில் நடந்த பெண்

"புள்ளைய நடக்கச் சொல்ல வேண்டாமுங்க. அதான் டாக்கீசுலயே பாத்துட்டமே!" என்றாள் மாப்பிள்ளையின் தாய் இன்னாசிமேரி. பாயில் உட்கார்ந்திருந்த அன்னாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நாலடி நடக்கச் சொல்வது வழக்கம். அந்த நாலடியைப் பார்த்துவிட்டுத்தான் இதுவரை வந்த வரன்களெல்லாம் காப்பியோடு எழுந்து போனார்கள்.

இவர்களை இழுத்து வந்தது, டாக்கீசில் பெரிய படத்துக்கு முன்னால் போடும் ஒரு துண்டுப் படம். தீபாவளிச் சீசனில் ஊர் ஊராகப் போய், மேடையில் புதுப் புடவை கட்டி நடந்து காட்டும் பட்டணத்துப் பெண்களைப் பற்றிப் பம்பாய்க்காரர்கள் எடுத்தது. சேலம் கண்காட்சியில் அந்தப் பெண்களில் ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள். ரவிக்கை தைத்துக் கொடுக்க மகள்களோடு போயிருந்தார் லாசர் டெய்லர். மூத்தவள் அன்னாளின் முகம் டைரக்டர் கண்ணில் பட்டது.

முகம் பட்டது சரி, சூம்பிய இடது கால் அப்புறம்தான் தெரிந்தது. மனுஷன் அசரவில்லை. அன்னாளை நிற்க வைத்து முகத்தை எடுத்தார். அதே புடவையைத் தங்கை சகாயம்மாளுக்குக் கட்டி, நடையை முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். வெட்டி ஒட்டியதும் திரையில் ஒரே பெண்.

உள்ளூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த இன்னாசிமேரிக்கு அது எப்படித் தெரியும்?

"படத்துல நடந்த புள்ளையத்தான் கட்டுவேன்னு எம்பையன் ஒத்தக் கால்ல நிக்கறானுங்க," என்று சிரித்தாள் இன்னாசிமேரி.

அசையாதே என்று அன்னாளைக் கண்ணாலேயே மிரட்டினாள் அவள் அம்மா. காப்பியைச் சகாயம்மாள்தான் கொண்டு வந்தாள். மாப்பிள்ளை கிறிஸ்துராஜ் டம்ளரை வாங்கும்போதும் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் உள்ளே போகும் வரைக்கும் அவன் பார்வை தரையோடு தரையாகவே போயிற்று. எத்தனை அடக்கமான பையன் என்று அம்மா பூரித்துப் போனாள்.

அன்னாளுக்குத்தான் பயம் விடவில்லை. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, பீடத்துக்கு நடந்து போகிற அன்றைக்குக் குட்டு வெளிப்படுமே! ஏமாற்றிக் கட்டிக்கொண்டவன் முகத்தில் காலமெல்லாம் எப்படி விழிப்பது?

ஏதாவது பேச வேண்டுமே என்று லாசர், "மாப்பிள்ளை படத்த எங்க பாத்தீங்க?" என்றார்.

"எடுக்கறப்பவே பாத்தனுங்க. வெளக்குக்குக் கரண்டு குடுத்த ஜெனரேட்டரு நான் ஓட்டற லாரிலதானுங்க வந்துச்சு. கடைசி வரைக்கும் அங்கதான் நின்னனுங்க."

லாசரின் முகம் வெளுத்துவிட்டது. அன்னாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறான். தெரிந்தும் இவளைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான்! சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எழுந்தாள். அம்மா பிடித்த முந்தானையை உருவிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, அத்தனை பேர் நடுவிலும் நடந்து வந்து அவன் எதிரே நின்றாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் கூச்சமில்லாமல் நடந்தது அன்றைக்குத்தான்.

இன்னாசிமேரி திகைத்துப்போய் மகனைப் பார்த்தாள். "ஏஞ்சாமி, இது தெரிஞ்சேதான் கேட்டியா?"

கிறிஸ்துராஜ் அப்போதுதான் தலை நிமிர்ந்து அன்னாளின் முகத்தைப் பார்த்தான். பதறிப்போய்த் தாயின் காதோரம் குனிந்தான். மெல்லத்தான் சொன்னான், ஆனால் அன்னாளுக்குக் கேட்டது.

"நாஞ் சொன்னது இவங்கள இல்லீங்கம்மா. காப்பி கொண்டாந்த புள்ளைய."