சிலிண்டரின் பெருமூச்சு

சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் ஒரே சாவியை ஆபீஸ் அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறி யாராவது வந்தால் நர்ஸ் சாவிக்கு ஓடுவார். போன வாரம் ஒரு குழந்தை மயிரிழையில் பிழைத்தது.

இன்று காலை பார்த்தால், சாவி சிலிண்டரின் கழுத்திலேயே பேண்டேஜ் துணியில் தொங்குகிறது.

"அட, நீயா! யார் கட்டிவிட்டது?" என்றது சிலிண்டர்.

"தரை துடைக்கிற பவளக்கொடி. நேத்து மீட்டிங்குல டாக்டர் அந்தம்மாகிட்டயும் யோசனை கேட்டார்" என்றது சாவி.

"இத்தனை நாளா அந்தம்மாவுக்குத் தோணலையா?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே தோணிச்சாம்."

அதற்குள், மூச்சுக்குத் தவித்த ஒரு பெரியவரைத் தூக்கி வந்தார்கள். நர்ஸ் எங்கும் ஓடவில்லை. கையை நீட்டினார், சாவி திரும்பியது. சிலிண்டர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

பெரியவர் அந்த மூச்சை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்.